அடுத்த முறை யாருக்கு?

போன செமஸ்டர்ல நடந்த கூத்து இது. ஹாஸ்டல் வராந்தாவுல உக்காந்து ரெக்கார்ட் எழுதிட்டு இருந்தேன். வீட்ல இருந்து போன். கை வேலையா இருந்ததால ஸ்பீக்கர்ல போட்டேன்.

"ஏத்தா, வர்ற ஞாயித்துக்கெழம செய்மொறை இருக்கு. சனிக்கெழமையே பஸ் ஏறிரு. நீ வரலைன்னா உங்க மாமா மூஞ்சியில நான் முழிக்க முடியாது."

"சரிம்மா" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சென்னைக்காரி, என் ரூம்மேட், பேனாவைக் கீழ போட்டுட்டு பதறிட்டா. "ஏய், ஞாயித்துக்கிழமை செய்முறைத் தேர்வா? எந்த லேப்? எனக்கு யாருமே சொல்லலையே!"

பாவம், அவளைச் சொல்லிக் குத்தமில்லை. அவளுக்குத் தெரிஞ்ச செய்முறை, பன்னிரண்டாம் வகுப்புல பிப்பெட்டும் பியூரெட்டும் வச்சு பண்ற செய்முறை. தேனி மாவட்டத்துல செய்முறைன்னா மாமன் வீட்டுக் காதுகுத்துக்கு நம்ம வீட்டு சார்பா செய்ய வேண்டிய சீர், மொய், தட்டு, மரியாதை எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய கணக்கு. அதை அவளுக்கு விளக்கப் போய், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் "முறை"ங்கிற ஒரே சொல்லைப் பத்தி பேசிட்டு இருந்தோம். அந்தப் பேச்சுதான் இந்தக் கட்டுரை.

ரெண்டே எழுத்து, ஒரு டஜன் வேலை

முதல்ல ஒண்ணு. எங்க ஊர்ல யாரும் "முறை"ன்னு சொல்ல மாட்டாங்க, "மொறை"ம்பாங்க. இது தப்பான உச்சரிப்பு இல்லை. குடை கொடை ஆகுது, புகை பொகை ஆகுது, இலை எலை ஆகுது. அடுத்த எழுத்துல "ஐ" வந்தா, முன்னாடி இருக்கிற "உ"வை "ஒ"வாகவும், "இ"யை "எ"வாகவும் பேச்சுத் தமிழ் இறக்கிடும். அதுவும் ஒரு முறைதான்!

இப்ப இந்தச் சொல் எங்கெல்லாம் வேலை பார்க்குதுன்னு பாருங்க.

ஒருமுறை, இருமுறை என்றால் தடவை. தலைமுறை என்றால் ஒவ்வொரு தலையாக மாறி மாறி வருவது. முறைமாமன், முறைப்பெண் என்றால் உறவு. "நீங்க எனக்கு என்ன மொறை வேணும்?" என்றால் உங்களை மாமான்னு கூப்பிடணுமா, சித்தப்பான்னு கூப்பிடணுமா என்று கேள்வி. முறையிடு, முறையீடு, மேல்முறையீடு என்றால் நீதி கேட்பது. முறைகேடு என்றால் ஊழல். நடைமுறை, வழிமுறை, வாழ்க்கைமுறை நமக்குத் தெரியும். சைவத்தில் பன்னிரு திருமுறை என்றால் நூல். சென்னையில ஒரே வீட்டுல நாலஞ்சு குடித்தனம் இருந்தா, வாசல் கூட்டித் தெளிச்சு கோலம் போட ஆளுக்கு ஒரு நாள். அதுக்குப் பேர் முறைவாசல். ஏன், நம்ம கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடத்துல வர்ற புரோட்டோகாலுக்குத் தமிழ் என்ன? நெறிமுறை. ஐ.பி.ன்னு சொல்றோமே, அதுவே இணைய நெறிமுறைதான்.

(ஆத்திரத்துல ஒருத்தரை முறைச்சுப் பார்க்கிறது வேற சொல். அதுக்கு இந்தக் கதையில வேலை இல்லை. யாரும் மொறைக்காதீங்க.)

தடவை, வரிசை, உறவு, நீதி, வழக்கம், நூல், நல்ல நடத்தை. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியுதுல்ல? ஆனா "அவன் மொறை தெரிஞ்சவன்" என்று எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் சொன்னா, இத்தனை அர்த்தமும் அதுக்குள்ள இருக்கு. இது எல்லாத்தையும் கட்டி வைக்கிற நூல் எதுன்னு கண்டுபிடிக்கணும்னா வாய்க்கால் பக்கம் போகணும்.

தண்ணிக்கு வந்த முறை

கம்பம் பள்ளத்தாக்கு பத்தி வெளியூர் நண்பர்களுக்காக ரெண்டு வரி. முல்லைப் பெரியாறு அணையில இருந்து வர்ற தண்ணி லோயர் கேம்ப்புல இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஓடி வைகையில சேருது. பென்னிகுவிக் கட்டின அந்த அணையில இருந்து 1895 அக்டோபர்ல தண்ணி திறந்தாங்க. இன்னைக்கும் பொங்கல் அன்னைக்கு, ஜனவரி 15-ல, அவருக்குப் பிறந்தநாள் கொண்டாடுற ஊர் எங்க ஊர். லோயர் கேம்ப்புல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இந்தத் தண்ணியை நம்பி இருக்கு. மிச்சம் வைகை அணைக்குப் போய், அங்கேர்ந்து மதுரைப் பக்கம் போகுது.

அங்க பெரியாறு பாசனத்துல 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதல் போகத் தண்ணி விடும்போது வர்ற அரசு அறிவிப்பைக் கவனிச்சிருக்கீங்களா? 120 நாள் தண்ணி. அதில் முதல் 45 நாள் முழுமையாகவும், அடுத்த 75 நாள் "முறை வைத்தும்" விடப்படும் என்று வழக்கமா போடுவாங்க. முறை வைத்து என்றால் என்ன? எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்துல திறக்காம, கொஞ்ச நாள் திறந்து, கொஞ்ச நாள் அடைச்சு, மாத்தி மாத்திக் கொடுக்கிறது. இதுதான் முறைப்பாசனம்.

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இந்நேரம் மணி அடிச்சிருக்கும். ரவுண்ட் ராபின்! ஒவ்வொரு பிராசஸுக்கும் குறிப்பிட்ட நேரம். நேரம் முடிஞ்சா வேலை பாதியில இருந்தாலும் எந்திரிச்சு வரிசையோட கடைசிக்குப் போகணும். அப்படி இல்லாம, முக்கியமானவங்களுக்கு முதல்ல கொடு என்று பிரையாரிட்டி ஷெட்யூலிங் வச்சா என்ன ஆகும்னு புத்தகத்துல போட்டிருக்கும்: கடைசியில நிக்கிற பிராசஸுக்கு முறை வரவே வராது. அதுக்கு ஸ்டார்வேஷன்னு பேரு. பட்டினி. நமக்கு அது ரெண்டு மார்க் கேள்வி. கடைமடையில நெல்லு போட்டவங்களுக்கு அது உவமை கிடையாது.

தலைமடைக்காரருக்கு முறை தேவையே இல்லை, கவனிச்சீங்களா? தண்ணி முதல்ல அவர் வயல் வழியாத்தான் போகுது. மடையைத் திறந்து வச்சா போதும். முறைங்கிற ஏற்பாடே கடைமடைக்காரருக்காக வந்தது. அதுல தலைமடைக்காரர் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: நேரம் வந்ததும் தன் மடையை அடைக்கணும். யாரும் பார்க்காத ராத்திரி ரெண்டு மணிக்கும் அடைக்கணும்.

அடைக்கிறவர் முறை தெரிஞ்சவர். அடைக்காதவர் முறை கெட்டவர். நல்ல நடத்தைக்கு இதைவிட சின்ன விளக்கம் எனக்குக் கிடைக்கலை.

பழைய புத்தகங்கள்ல என்ன இருக்கு?

"தண்ணிக்காக நீயா இழுத்துக் கட்டுற" என்று ரூம்மேட் கேட்டா. நியாயமான கேள்வி. அதனால பழசைப் புரட்டினோம்.

தொல்காப்பியத்துலயே இந்தச் சொல் இருக்கு. விளிமரபுங்கிற பகுதியில, அதாவது ஒருத்தரை எப்படிக் கூப்பிடுறதுன்னு இலக்கணம் சொல்ற இடத்துல, உறவுப் பெயர்களுக்கு "முறைப்பெயர்"னுதான் பேரு. எங்க அப்பத்தா "மொறை சொல்லிக் கூப்பிடு, பேர் சொல்லாத" என்று அதட்டும்போது, தொல்காப்பியர் பயன்படுத்தின அதே சொல்லைத்தான் பயன்படுத்துது.

அடுத்தது கணியன் பூங்குன்றனார். புறநானூற்று 192-வது பாட்டு. அதோட முதல் வரியைச் சொல்லாம நம்ம கல்லூரியில எந்த விழாவும் முடிஞ்சதில்லை. ஆனா முதல் வரியோட நிறுத்திடுறோம். கொஞ்சம் கீழ போனா, மழை பெய்து, பாறையில மோதி ஓடுற பெரிய ஆறு வருது. அந்த ஆத்துல போற தெப்பம் எப்படி நீரோட வழியில போகுதோ, அப்படி உயிர் "முறை" வழியில போகும் என்கிறார். இங்க முறைக்கு ஊழ் என்று உரை சொல்வாங்க. அதனாலதான் பெரியவங்களைப் பார்த்து வியக்கிறதும் இல்லை, அதைவிடச் சின்னவங்களை இகழ்றதும் இல்லை என்று பாட்டு முடியுது. தண்ணியும் முறையும் பக்கத்துல பக்கத்துல வர்றதையும், அந்த முறை யாரையும் உசத்தி தாழ்த்திப் பேச விடாததையும் குறிச்சு வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

திருக்குறள்ல செங்கோன்மை, கொடுங்கோன்மை ரெண்டு அதிகாரத்துலயும் முறைன்னா நீதி. 559-வது குறள் என்ன சொல்லுதுன்னா, அரசன் முறை தவறினா மழை பெய்யாது. அறிவியல்படி இதை வாதாட முடியாது. ஆனா சொல்ல வர்ற விஷயம் புரியுது. மேல இருக்கிறவன் முறையை வளைச்சா, கீழ இருக்கிறவனுக்குத் தண்ணி வராது.

அப்புறம் எங்க ஊர் எல்லையிலயே ஒரு சாட்சி இருக்கு. மங்கலதேவி கண்ணகி கோயில். கூடலூர்ப் பக்கம் பளியன்குடியில இருந்து காட்டு வழியா ஏறணும். சித்ரா பௌர்ணமி அன்னைக்கு ஒரே ஒரு நாள்தான் மக்களை விடுவாங்க. தேனி, இடுக்கி ரெண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஏற்பாடு பண்ணும். மதுரையில பாண்டியன் அவையில நின்னு ஒத்தைச் சிலம்போட வழக்குப் பேசினவ, அந்த நகரத்தை விட்டு மேற்கே நடந்து வந்து சேர்ந்த மலைன்னு எங்க மக்கள் நம்புற இடம் அது. அவ செஞ்சதுக்குத் தமிழ்ல என்ன பேர்? முறையிட்டாள். "முறை தவறிப் போச்சு" என்று எடுத்து வைக்கிறதுதான் முறையீடு. அவ புருஷனை விசாரிக்காமலே கொன்னாங்க. அவன் பேச வேண்டிய முறை அவனுக்குக் கிடைக்கவே இல்லை. நீதிமன்றத்துல இன்னைக்கும் ஒவ்வொரு தரப்பும் மாத்தி மாத்திப் பேசணும் என்று வச்சிருக்கிறது அதுக்குத்தான்.

மாப்ளையா, பங்காளியா?

இப்ப உறவுக்கு வருவோம். உறவுக்கும் வரிசைக்கும் என்ன சம்பந்தம்?

எங்க பக்கம் பசங்க ஒருத்தனை ஒருத்தன் "மாப்ள"ன்னும் "பங்காளி"ன்னும் கூப்பிடுவாங்க. விளையாட்டுக்குச் சொன்னாலும் ரெண்டும் நேரெதிர் சொல். அப்பாவோட அண்ணன் தம்பி பிள்ளைகள் பங்காளி. சொத்துல பங்கு உள்ளவன், எனக்கு அண்ணன் தம்பி முறை. அத்தை பிள்ளை, தாய்மாமன் பிள்ளை மாமன் மச்சான் முறை. பொண்ணு கொடுத்து எடுக்கலாம். உலகத்துல தெரிஞ்ச எல்லாரையும் இந்த ரெண்டு பெட்டியில ஏதாவது ஒண்ணுல போட்டுடலாம். பஸ்ல பக்கத்துல உக்காந்த கிழவி ரெண்டு நிமிஷத்துல ஊர் பேர் கேட்டு, யார் வீட்டுப் பிள்ளைன்னு கேட்டு, "அப்ப நீ எனக்குப் பேத்தி மொறை ஆகணும்" என்று முடிச்சிடும்.

அமெரிக்காவுல லூயிஸ் ஹென்றி மார்கன் என்று ஒரு வக்கீல் இருந்தார். செனிகா பழங்குடி மக்களோட உறவுப் பெயர்களைச் சேகரிச்சவர், உலகம் முழுக்க ஆட்களுக்கு எழுதிப் போட்டு மத்த மொழிகளோட உறவுப் பெயர்களையும் வாங்கினார். நியூயார்க் பக்கத்துச் செனிகா கணக்கும் தமிழ்க் கணக்கும் பெரும்பாலும் பொருந்துறதைப் பார்த்து அசந்து போனார். 1871-ல வந்த அவர் புத்தகத்துல இது பெரிய விஷயம். மனித உறவுகளைப் பத்தின படிப்பே அதுல இருந்துதான் வளர்ந்தது. நம்ம கணக்குக்கு இன்னைக்கும் "திராவிட உறவுமுறை" என்றுதான் உலகம் முழுக்கப் பேரு.

குமுளி தாண்டினா மலையாளம். அங்க இதே சொல் "முற". முறைப்பெண்ணுக்கு "முறப்பெண்ணு". 1965-ல அந்தப் பேர்லயே எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதின படம் வந்திருக்கு. ரெண்டு மொழிக்கும் பொதுவான பழைய சொத்து இது. எங்க பள்ளத்தாக்குலயே வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுறவங்க நிறைய. என் பள்ளித் தோழி ஒருத்திகிட்ட "உங்க வீட்ல என்ன மொறை வேணும்னு எப்படிக் கேப்பீங்க?" என்று கேட்டேன். "என்ன வரச?"ன்னு கேப்போம்னா. தெலுங்குல வரச, வருச என்றால் வரிசை. உறவுக்கும் அதே சொல்! சொல் வேற, யோசனை ஒண்ணு. உறவுங்கிறது ஒருத்தர் வரிசையில எங்க நிக்கிறார்ங்கிற கணக்கு. அந்த இடம் தெரிஞ்சாத்தான் யார் யாருக்கு எப்ப என்ன செய்யணும்னு தெரியும். இந்த வருஷம் மாமன் எங்களுக்குச் செஞ்சார், அடுத்த வருஷம் அவர் வீட்டு விசேஷத்துக்கு நாங்க. மொய் நோட்டைத் திறந்தா அதுதான் இருக்கு. செய்முறை என்றால் "செய்ய வேண்டிய என் முறை".

முதல் மரியாதை, அடுத்த முறை

நல்ல நடத்தைக்குத் தமிழ்ல வேற சொற்களும் இருக்கு. ஒழுக்கம், ஒழுகு என்கிற வினையில இருந்து வருது. ஒழுகுதல்னா நீர் போல இடைவிடாமப் போறது. ஒழுக்கம் பாருங்க, அதுவும் தண்ணிக் குடும்பம்தான். மரியாதை சமஸ்கிருத "மர்யாதா"வில் இருந்து வந்தது. அதுக்கு மூலப்பொருள் எல்லை, கரை. தாண்டக் கூடாத கோடு.

மரியாதைக்கும் முறைக்கும் உள்ள வித்தியாசத்தை ரூம்மேட்தான் பிடிச்சா. "ஏய், 'முதல் மரியாதை'ன்னு சொல்றோம். 'அடுத்த முறை'ன்னு சொல்றோம். 'அடுத்த மரியாதை'ன்னு யாராவது கேட்டிருக்கியா?"

அசந்துட்டேன். எங்க தேனி அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா 1985-ல எடுத்த படத்துப் பேரே அதுதானே! கோயில் திருவிழாவுல பரிவட்டம் யாருக்கு முதல்ல என்று எத்தனை ஊர்ல அடிதடி நடந்து, வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. மரியாதைக்கு எப்பவும் ஒரு முதல் ஆள் வேணும். முறைக்கு வேண்டியது அடுத்த ஆள். மரியாதை மேல பார்க்கச் சொல்லுது. முறை பின்னாடி திரும்பிப் பார்க்கச் சொல்லுது, உனக்குப் பின்னாடி யார் காத்துட்டு இருக்கான்னு.

வரிசையில யாரெல்லாம் இருக்காங்க?

இதோட முடிச்சா கட்டுரை நல்லா இருக்கும். ஆனா அது பாதி உண்மைதான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு நமக்குப் பள்ளிக்கூடத்துலயே தெரியும். பராந்தக சோழன் காலம், 919, 921-ம் ஆண்டுகள். குடவோலை முறை. முந்தின மூணு வருஷத்துக்குள்ள வாரியத்துல இருந்தவர் பேரைக் குடத்துல போடக் கூடாது. எவ்வளவு அழகான விதி! உன் முறை முடிஞ்சதா, தள்ளி நில். ஆனா குடத்துல பேர் போடவே வரி கட்டுற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதப் படிப்பு வேணும். நிலம் இல்லாதவங்களுக்கு அந்த வரிசையிலயே இடம் இல்லை.

எங்க ஊர்லயும் அதே கதைதான். சொந்தம் இல்லாத வேற சாதிக்காரங்களைக் கூட "ஊர் மொறைக்கு மாமா", "ஊர் மொறைக்கு அத்தை" என்று கூப்பிடுற பழக்கம் உண்டு. கேக்க இனிப்பா இருக்கும். ஆனா சில தெருவுல இருந்து வந்தவங்க எழுபது வயசு ஆனாலும் அவங்களுக்கு அந்த முறைப்பெயர் கிடைக்கலை. பத்து வயசுப் பையன் பேர் சொல்லி "வாடா" என்று கூப்பிட்டான். கேட்டா, "அதுதான் மொறை"ன்னு பதில். வரிசையைக் குறிச்ச சொல்லை வாசலை அடைக்கிற தாழ்ப்பாளா மாத்திட்டாங்க.

பொண்ணுங்க கதையும் இருக்கு. "அவ எனக்கு மொறைப்பொண்ணு" என்று ஒருத்தன் உரிமை பேசும்போது, அந்தப் பொண்ணு பேச வேண்டிய முறை எப்ப வரும்னு யாரும் கேக்கிறது இல்லை. செய்முறையும் சில வீட்ல கடன் வாங்கிச் செய்யுற பாரமா ஆகிடுச்சு. விடியக்காலம் ஜீப்ல ஏறி மலைக்கு மேல ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போற எங்க ஊர்ப் பெண்களை எந்தப் பட்டியல்ல சேர்ப்பாங்க தெரியுமா? முறைசாராத் தொழிலாளர். முறைக்கு வெளிய நிக்கிறவங்கன்னு பேர்லயே எழுதியாச்சு.

அதனால "இதுதான் முறை"ன்னு யார் சொன்னாலும் ஒரு கேள்வி கேக்கலாம்: இது எல்லாருக்கும் மாறி மாறி வர்ற முறையா, இல்லை எப்பவும் ஒருத்தருக்கே வர்ற முறையா? ரெண்டாவதுன்னா அது வெறும் வழக்கம். முறைங்கிற பேரைக் கடன் வாங்கியிருக்கு.

ரெண்டு மணி நேரம்

கடைசியா என் கதை. ரூம்மேட்கிட்ட அன்னைக்கு ராத்திரி சொன்னதுதான்.

எங்க தாத்தாவுக்கு ஒரு பங்குக் கிணறு. நாலு பங்கு, ஆளுக்கு ஒரு நாள். காலையில ஆறு மணிக்கு முறை மாறும். நாலாவது பங்கு வேற தெருவுல இருக்கிற ஒரு அம்மாவோடது. அவங்க மாமனார் அந்த நிலத்தை விலைக்கு வாங்கினப்ப, "அவங்களோட சேர்ந்து ஒரே கெணத்துல மொறை வைக்கிறதா?" என்று எங்க பக்கத்து ஆளுங்களே பேசினாங்களாம். தாத்தா பத்திரத்தை எடுத்து வச்சு, "நாலு பங்குன்னா நாலு மொறைதான்" என்று மட்டும் சொன்னாராம். அதுக்கப்புறம் அந்த அம்மா எனக்கு அத்தை. ஊர் மொறைக்கு இல்லை, கெணத்து மொறைக்கு.

ரெண்டாம் வருஷ ஸ்டடி லீவ்ல தாத்தாவுக்குக் காய்ச்சல். எங்க முறை நாள். மும்முனை மின்சாரம் ராத்திரிதான் வரும்னு சொல்லியிருந்தாங்க. நான் மோட்டார் ரூம்ல உக்காந்து வாழைக்குத் தண்ணி கட்டிட்டு, ஆறு மணிக்கு நிறுத்தணும். காதுல ஹெட்செட் மாட்டி ஏதோ பார்த்துட்டே தூங்கிட்டேன். முழிச்சப்ப மணி எட்டு. மோட்டார் ஓடிட்டே இருந்துச்சு. கிணத்துல தண்ணி அடியோட வத்திப் போச்சு. வாசல்ல அத்தை மண்வெட்டியோட நின்னுட்டு இருந்தாங்க. எவ்வளவு நேரமா நின்னாங்களோ. தக்காளி பூ எடுத்திருந்த நேரம் அது.

திட்டலை. "பரவால்லத்தா, படிக்கிற புள்ள, கண்ணு அசந்துட்ட"ன்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

தாத்தாகிட்ட சொன்னேன். காய்ச்சலோட எந்திரிச்சு உக்காந்தார். என்னையும் திட்டலை. "அவங்ககிட்ட போய்ச் சொல்லு, நம்ம அடுத்த மொறையை அவங்களே எடுத்துக்கட்டும். நம்ம வாழை ஒரு நாள் காஞ்சா செத்துப் போகாது."

போய்ச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "ஒரு நாளெல்லாம் வேணாம். ரெண்டு மணி நேரம்தானே போச்சு. உங்க மொறையில ரெண்டு மணி நேரம் குடுங்க, போதும்."

எங்க முறை நாள் வந்தப்ப, மோட்டாரைப் போட்டு முதல் ரெண்டு மணி நேரம் அவங்க தோட்டத்துக்குப் பாய்ச்சினாங்க. ரெண்டு மணி நேரம் ஆனதும் அவங்களே வந்து மடையை எங்க பக்கம் திருப்பி விட்டுட்டு, "இந்தா, உன் மொறை" என்று சொல்லிட்டுப் போனாங்க. ஒரு நிமிஷம் கூட இல்லை, குறைச்சலும் இல்லை.

தாத்தா செஞ்சது பெருந்தன்மை. அத்தை செஞ்சதுதான் முறை. அவங்க தானமா எதையும் வாங்கிக்கலை. தனக்கு வரவேண்டியதை விடவும் இல்லை. அவங்க மாமனார் பங்கு வாங்கினப்ப கேட்டதும் அதுவாத்தான் இருந்திருக்கும்: கூடவும் வேணாம், குறையவும் வேணாம், எங்க முறை எங்களுக்கு வரணும்.

இதைச் சொல்லி முடிச்சப்ப ரூம்மேட் ஒண்ணும் பேசலை. எங்க மாடியில நாப்பது பேருக்கு நாலு குளியலறை, ரெண்டு வாஷிங் மெஷின். மறுநாள் காலையில மெஷின் பக்கம் போனா, சுவத்துல ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு. ரூம் வாரியா நேரம் போட்டு அவ கையெழுத்துல ஒரு அட்டவணை. மேல பெருசா தலைப்பு: "மொறை."

அதுல எங்க ரூம் நேரம் கடைசியில இருந்துச்சு.